மடக்கு(ப்) பெஞ்சும் அதன் இடைச்செருகல்களும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மடக்கு பெஞ்சு மடங்கும். அதை மேம்படுத்தினால் மடங்குமா? இவ்வினாவை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராயத் தேவை இல்லாததே அதற்குக் காரணம் என்பாரும் உளர். அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வாழ்பவர்கள்.

1. பாயிரம்

சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் முறை. அம்முறை பிறழாமல் கூறுவோம்.

ஆக்கியோன் பெயர்: யான். வழி: பெட்டிக்குள் இருந்த கையேடு, பின்னர் அதை மீறியது. எல்லை: மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனி, வடக்கே துணிக்கொடி, தெற்கே வாஷிங் மெஷின், கிழக்கே கம்பி, மேற்கே மனைவியின் பார்வை. (மடிப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயருக்கும் மடக்கு பெஞ்சுக்கும் தொடர்பு உண்டா என்பது தனி ஆய்வு. உண்டு என்றே முடிவு வரும்.) நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: திருகாணி, சில இடங்களில் சணல். நுதலிய பொருள்: நான்கு இரும்புக் கால்கள், அவற்றின்மேல் இரண்டு பலகைகள், அவற்றில் ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்தி நடுவில் வைத்த மரத்தைக் கவ்வச் செய்யும் இரண்டு கைப்பிடித் திருகுகள். வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் சாத்திவிடலாம் என்பது ஐதீகம். கேட்போர்: ஒருவர், அவரும் அடுப்படியில் இருந்தபடியே. பயன்: முடிவுரையில் கூறப்படும்.

2. முன்னோர்

எந்த ஆய்விலும் இந்தப் பகுதியை யாரும் படிப்பதில்லை. ஆகவே இதில் மட்டும் உண்மையைச் சொல்லிவிடலாம்.

இப்பெஞ்சின் மூலவர் ரான் ஹிக்மன். தென்னாப்பிரிக்காவில் 1932இல் பிறந்தவர். இங்கிலாந்து சென்று லோட்டஸ் நிறுவனத்தில் ‘எலான்’ என்னும் பேர்பெற்ற காரை வடிவமைத்தவர். 1961இல் வீட்டில் துணி அலமாரி ஒன்று செய்யும்போது, பலகையை நாற்காலிமேல் வைத்து ரம்பத்தால் அறுத்தார். பலகை அறுந்தது. கூடவே நாற்காலியும் அறுந்தது. மற்றவர்கள் இந்த இடத்தில் வேறு நாற்காலி வாங்குவார்கள். சிலர் நாற்காலியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு மனைவியிடம் வானிலை பற்றிப் பேசுவார்கள். ஹிக்மன் இரண்டும் செய்யாமல், மரத்தைக் கவ்வவும் மடங்கவும் வல்ல ஒரு பெஞ்சை யோசித்தார். அதுவே பின்னாளில் ‘வொர்க்மேட்’ ஆனது.

கருவி நிறுவனங்களிடம் கொண்டுபோனபோது அவை கையை விரித்தன. நூற்றுக்கணக்கில் அல்ல, டஜன் கணக்கில்தான் விற்கும் என்றது ஸ்டான்லி. பிளாக் அண்ட் டெக்கரும் முதலில் மறுத்தது. ஹிக்மன் தாமே செய்து தாமே விற்றார். பிறகு பிளாக் அண்ட் டெக்கர் மனம் மாறி 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பில் இறங்கியது. 1981க்குள் 1 கோடி விற்றது. 2011இல் ஜெர்சி தீவில் அவர் காலமானபோது விற்பனை 3 கோடி அளவில் இருந்தது. நகலெடுத்தவர்களை அவர் நீதிமன்றம் வரை இழுத்தார். ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பி, ‘இதற்கு வாசகர் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பப் பெற்றவர்கள் இந்தப் பத்தியை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

அறுபட்ட அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் தனி ஆய்வேடு இல்லை. இளம் ஆய்வாளர்கள் கவனிக்க.

3. மூலபாடமும் பாட வேறுபாடும்

எம்மிடம் உள்ளது ஹிக்மன் மரபில் வந்த, பெயர் சொல்லத் தகாத ஒரு வழிப்பிரதி. அதனோடு வந்த கையேடு பதினான்கு மொழிகளில் உள்ளது. தமிழ் அவற்றுள் இல்லை. பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டில் மட்டும் ‘மடக்கு பெஞ்சு’ என்று தமிழில் உண்டு (பெட்டி, மேல்பக்கம்). இதுவே நமக்குக் கிடைக்கும் ஒரே தமிழ்ச் சான்று.

கையேட்டின் ஐந்து முதல் எட்டு வரையான பக்கங்கள் கிடைக்கவில்லை. பழஞ்சுவடிகள் செல்லரித்தன, இஃது எலியரித்தது. ஒன்பதாம் பக்கம், ‘பிறகு நன்றாக இறுக்கவும்’ என்று தொடங்குகிறது (கையேடு, ப. 9, எலி விட்ட பகுதி, மொழிபெயர்ப்பு எமது). எதை இறுக்க வேண்டும் என்பது காலவெள்ளத்தில் அழிந்துபோனது. எல்லாவற்றையும் இறுக்குவதே பாதுகாப்பான பாடம் எனக் கொண்டோம்.

திருகாணிகளின் எண்ணிக்கையிலும் பாட வேறுபாடு உண்டு. கையேட்டுப் பாடம் பதினாறு. பெட்டிப் பாடம் பதினேழு. பெஞ்சு முழுமையாக நின்ற பின்னும் ஒரு திருகாணி என் உள்ளங்கையில் இருந்தது. அது மூலத்துக்கு உரியதா, பிற்காலத்தார் சேர்த்ததா, அல்லது வேறொரு பெஞ்சின் கவிழ்ந்த வாழ்க்கைக்குச் சாட்சியா என்பதில் எமக்கே மூன்று கருத்துகள் உண்டு. பதினேழாம் திருகாணியை வாசகர் நினைவில் வைக்க.

4. ஒற்றுச் சிக்கல்

லிப்ட் பழுதானது பற்றிய மனுவில் கையெழுத்து வாங்க, மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வந்திருந்தார். வந்த காரியத்தை மறந்து பெட்டியைப் பார்த்தார். அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைப் பார்க்கும் பார்வை.

“தம்பி, இதுல ஒரு ‘ப்’ விட்டுப்போச்சு.”

“இல்லீங்க ஐயா. அதுல ‘ப்’ வராது.”

இந்த ஒரு வரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இக்கட்டுரை முக்கால் பங்கு குறைந்திருக்கும்.

ஐயாவின் கட்சி பின்வருமாறு. ‘மடக்கு’ என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு இரண்டும் சான்று. ஆகவே மடக்குப் பெஞ்சு (தமிழாசிரியர், படிக்கட்டு உரை, இரண்டாம் மாடித் திருப்பம், மூச்சு வாங்குமுன்).

எம் கட்சி: இது வினைத்தொகை. ஊறுகாயிலும் சுடுசோற்றிலும் ஒற்று மிகுவதில்லை. எனவே மடக்கு பெஞ்சு.

“அப்படின்னா மடக்குக் கத்தி?” என்றார்.

“அது கத்தியோட பிரச்சினைங்க ஐயா.”

மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இதை ஒரு புள்ளிவைத்த எழுத்தின் சண்டை என்பர். விளைவுகளை நோக்குக. ‘ப்’ உண்டு என்றால் ‘மடக்கு’ வெறும் பெயர்ச்சொல். மைசூர்பாகைப் பிட்டால் உள்ளே மைசூர் இருக்க வேண்டும் என்பதில்லை; அதுபோல மடக்குப் பெஞ்சும் மடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘ப்’ இல்லை என்றால் அது வினைத்தொகை. வினைத்தொகைக்குள் மூன்று காலமும் மறைந்து நிற்கும்: மடக்கிய பெஞ்சு, மடக்குகின்ற பெஞ்சு, மடக்கும் பெஞ்சு. அதாவது கடையில் மடங்கியது, இன்று மடங்குகிறது, என்றும் மடங்கும் எனக் கடைக்காரர் எழுத்து மூலம் உறுதி தந்துவிட்டார். உத்தரவாதச் சீட்டு ஓராண்டுக்குத்தான். வினைத்தொகை முக்காலத்துக்கும் செல்லும். நுகர்வோர் நீதிமன்றத்தில் தமிழிலக்கணம் கற்ற ஒரு வழக்கறிஞர் போதும்.

மறுநாள் ஐயா புதிய வாதத்தோடு இறங்கி வந்தார். முந்தைய வாதத்தில் ‘சில இடங்களைத் தெளிவாக்கியிருப்பதாக’ச் சொன்னார் (மேற்படியார், படிக்கட்டு உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, அதே திருப்பம், மூச்சு வாங்கிய பின்). நானும் இரவெல்லாம் தூங்காமல் ஒன்று கண்டுபிடித்திருந்தேன். பெஞ்சு வடமொழியும் அன்று, திசைச்சொல் என்று அடக்கவும் கூச்சமாக இருக்கிறது. அதன் முதலெழுத்தை நாம் மென்மையாக ஒலிக்கிறோம். முன்னே ஒரு ‘ப்’ வந்து நின்றால் அந்த மென்மை போய்விடும்; இரட்டித்த வல்லினம் வன்மையாகவே ஒலிக்கும். ‘மடக்குப் பெஞ்சு’ என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்த பெஞ்சு வேறு, வெளியே வந்த பெஞ்சு வேறு.

ஐயா வாய்விட்டுப் படித்தார். இருமுறை. மூன்றாம் மாடிக்குப் போகும் வழியெல்லாம் படித்தார். அதை நாலாம் மாடிக் குழந்தை ஒன்று பிடித்துக்கொண்டு இன்றுவரை விடவில்லை.

‘மேசை’ என்று எழுதிவிட்டால் தப்பிக்கலாமே என்பார்க்கு: தப்பிக்கலாம். மகரம் மெல்லினம், ஒற்று மிகுந்ததா மிகவில்லையா என்ற கேள்வியே எழாது. ஆய்வறிஞர்கள் பலர் இப்படித்தான் வல்லினம் வரும் இடங்களையே வாழ்நாள் முழுதும் தவிர்த்துப் பேராசிரியர் ஆகிறார்கள். தவிர, மேசையும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து போட்டதுதான்.

இவ்விடத்தில் மூன்றாவது கட்சி ஒன்று எழுந்தது. ‘மடக்கு’ என்பது அணியின் பெயரும் ஆகும். ஒரே எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வந்து வெவ்வேறு பொருள் தருவதைத் தண்டியலங்காரம் மடக்கு என்று சொல்லணியில் சேர்க்கிறது. இதற்குக் களஆய்வுச் சான்று எம் வீட்டிலேயே கிடைத்தது. ஒரே நாளில், ஒரே தகவலாளி, ஒரே சொல்:

காலை 7.00: “மடக்குங்க.” (பெஞ்சை.)
காலை 7.40: “மடக்குங்க.” (செய்தித்தாளை.)
இரவு 10.15: “மடக்குங்க.” (இந்த ஆராய்ச்சியை.)

மூன்றும் எழுத்தால் ஒன்று, பொருளால் வேறு. பழைய இலக்கணிகள் இதற்குப் பாடல்களைத் தேடி அலைந்தது வீண். ஒரு திருமணம் போதும்.

5. இடைச்செருகல்கள்

மூலத்தோடு நிற்காமல் மேற்கொண்டு சேர்த்தவற்றை மரபுப்படி இடைச்செருகல் என்கிறோம். அவை ஒன்பது.

5.1 தலைச்செருகல். பெஞ்சின் மேற்பலகை குறுகலானது. 12 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை வேண்டிய அளவுக்கு வெட்டி, அதன் அடிப்பக்கம் நடுவில் ஒரு ரீப்பர் கட்டையைத் திருகி, அந்தக் கட்டையைப் பெஞ்சின் வாயில் கொடுத்து இறுக்கினால் அகலமான மேசை கிடைக்கும். பசை சிந்தினாலும் ரம்பம் இறங்கினாலும் அடி வாங்குவது இந்தப் பலகைதான். மூலத்துக்குக் காயம் இல்லை. வேண்டாதபோது திருகைத் தளர்த்தி எடுத்துவிடலாம். உரையாசிரியர்களிடம் இல்லாத நற்பண்பு இது.

5.2 மெழுகுச்செருகல். திருகில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க, இலகுவாகச் சுழலும்.

5.3 காந்தச்செருகல். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காலோரம் ஒட்டினால் திருகாணிகள் தொலையா. மூக்குக்கண்ணாடியின் கம்பியும் தொலையாது.

5.4 அளவைச்செருகல். பலகை ஓரத்தில் தையல் நாடாவை ஒட்டினோம். ஒட்டும்போது நாடா இழுபட்டது. அன்றுமுதல் எம் வீட்டில் வெட்டப்படும் எதுவும் சற்று நீளம்.

5.5 பாதச்செருகல். மொசைக் தரையில் இரும்புக் கால் வழுக்கும். பழைய ஹவாய் செருப்பின் அடியை வெட்டிக் காலுக்குக் கீழே கட்டுவதே தீர்வு. இதற்கு நான்கு செருப்புகள் வேண்டும். தேடியதில் நான்கு கிடைத்தன, நான்கும் இடது. வலது செருப்புகள் கோயில் வாசல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஏன் மறைகின்றன, அவற்றைக் கொண்டுபோகிறவர்களுக்கு இடது கால் இல்லையா என்பவை இங்கு ஆராயத் தக்கவை அல்ல என்று மனைவி கருதுகிறார். ரம்பம் ஓடும்போது பெஞ்சு மெல்ல வலப்பக்கம் திரும்புவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது எம் துணிபு.

5.6 எடைச்செருகல். இந்தப் பெஞ்சின் பெருமை எடை குறைவு, சிறுமையும் அதுவே. இழைப்புளியைத் தள்ளினால் மரத்தோடு பெஞ்சும் நடக்கும். கீழ்ச்சட்டத்தில் ஒரு காலை ஊன்றி நின்றாலே அடங்கிவிடும். அதற்கு ஆய்வாளன் எதற்கு? 20 லிட்டர் தண்ணீர் கேனைச் சட்டத்தில் தொங்கவிட்டோம். பெஞ்சு அசையவில்லை. தாகம் எடுத்தவர்கள் பெஞ்சுக்கு வந்து குடித்தார்கள். குடிக்கக் குடிக்கப் பெஞ்சு மீண்டும் நடக்கத் தொடங்கியது.

5.7 மின்செருகல். காலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒன்பதிலும் சொல்லுக்குப் பொருத்தமான செருகல் இது ஒன்றே.

5.8 சக்கரம். பொருத்தப்பட்டது; துரத்தப்பட்டது; கழற்றப்பட்டது.

5.9 இழுப்பறை. இதுவே எம் ஆய்வின் கொடுமுடி. உளி, அரம், பென்சில், துரப்பண அலகு எல்லாம் ஒரே இடத்தில் இருக்க, மேற்பலகைக்குக் கீழே இரண்டு கால் இணைகளுக்கும் நடுவே ஓர் இழுப்பறை செய்தோம். அதைத் தாங்கும் சட்டத்தைப் பொருத்தக் கடைசியில் ஒரு திருகாணி குறைந்தது. அப்போதுதான் பதினேழாம் திருகாணியின் பிறவிப்பயன் விளங்கியது. அதை முடுக்கினோம். நன்றாக இறுக்கினோம். ஒன்பதாம் பக்கம் எதைச் சொன்னது என்று அன்றே புரிந்தது.

6. கட்டைவிரல் கொள்கை

ஐப்பசி மழையில் குளியலறைக் கதவு உப்பிக்கொண்டது. தச்சாசாரி ஒருவரை அழைத்தோம். சக்கரம் போக எட்டுச் செருகலோடும் நின்ற பெஞ்சை அவர் முன் வைத்து, அவர் வியப்பதற்காகச் சற்று ஒதுங்கி நின்றேன்.

அவர் பெஞ்சைச் சுற்றி வந்தார். “நல்லா இருக்கு சார்,” என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, கதவுச்சட்டத் துண்டை இரண்டு பாதங்களுக்கு இடையே கொடுத்து, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு இழைத்தார். சுருள் சுருளாக வந்தது. துண்டைத் திருப்ப வேண்டிய இடத்தில் முழங்கால் திரும்பியது. சாய்க்க வேண்டிய இடத்தில் குதிகால் சாய்ந்தது. பெஞ்சின்மேல் அவர் வைத்தவை இரண்டு: கைபேசி, டீ கிளாஸ்.

“பெஞ்சுமேல வெச்சு இழைக்கலாமே, அண்ணே?”

“அது ஆடும் சார். கால் ஆடாது” (தச்சாசாரி, வாய்மொழி, முதல் தேநீர்).

கீல் இரண்டு முழங்கால். கவ்வும் வாய் இரண்டு கட்டைவிரல். சுமக்க வேண்டிய கூடுதல் எடை இல்லை. வேலை முடிந்ததும் எழுந்து நின்றால் மடக்கியாயிற்று. எனில் உலகின் முதல் மடக்கு பெஞ்சு நம் தரையில் அல்லவா உட்கார்ந்திருந்தது! இதன் காலம் எது? நம் துறையின் வழக்கப்படி ஆண்டை முதலில் முடிவுசெய்துவிட்டுச் சான்றைப் பிறகு தேடலாம். யாம் ஐயாயிரம் என்று வைத்தோம். கூட்டத்தில் கைதட்டல் குறைவாக இருந்தால் பத்தாயிரம் ஆக்கிக்கொள்ளலாம்.

இக்கொள்கையை உறுதிசெய்ய மேலும் தரவு திரட்டினோம். பெஞ்சில் என்ன குறை என்று கேட்டபோது, “குறையே இல்ல சார், கொஞ்சம் கூடுதலா இருக்கு” என்றார் (மேற்படியார், இரண்டாம் தேநீருக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் இடையே). இழுப்பறை வைத்தது சரியா என்ற வினாவை அவர் தம் மைத்துனரிடம் கேட்கச் சொன்னார். அவரது விடை இவ்வாறு கிடைத்தது (மேற்படியாரின் மைத்துனர், தொலைபேசி வழி, எதிர்முனையில் இழைப்புளி ஓசை, ‘ஆமா’ என்றோ ‘ஆணி’ என்றோ கேட்டது, எளிய பாடத்தினும் அரிய பாடமே மூலத்துக்கு நெருங்கியது என்னும் விதிப்படி ‘ஆணி’ எனக் கொண்டோம், அதன் பொருள் இரண்டாம் பாகத்தில் விளக்கப்படும், இரண்டாம் பாகத்துக்கு நிதி கோரப்பட்டுள்ளது).

இக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோரை யாமும் மேற்கோள் காட்டுவோம். முறை அதுவே.

7. முடிவுரை

தை பிறந்ததும் வெயில் வந்தது. மனைவி பால்கனியில் வடாம் பிழிய இடம் கேட்டார்.

“ஏங்க, அதைக் கொஞ்சம் மடக்குங்களேன்.”

மடக்கப் போனேன். தலைச்செருகலை எடுத்தேன். கேனை அவிழ்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரைச் சுருட்டினேன். கால்களை உள்ளே தள்ளினேன். பாதி வந்து இழுப்பறையில் முட்டி நின்றன. இழுப்பறையை உருவிப் பார்த்தேன். அதைத் தாங்கும் சட்டம் முட்டியது. சட்டத்தைக் கழற்றப் பதினேழாம் திருகாணியைத் திருப்பினேன். நன்றாக இறுக்கப்பட்டிருந்ததால் அதன் தலை மழுங்கியது. இனி எந்த ஸ்க்ரூடிரைவரும் அதைப் பிடிக்காது.

சத்தம் கேட்டு ஐயா இறங்கி வந்தார். லிப்ட் இன்னும் சரியாகவில்லை. நான் குனிந்து தள்ளுவதையும், பெஞ்சு நிமிர்ந்து நிற்பதையும் சிறிதுநேரம் பார்த்தார்.

“மடங்கலையா, தம்பி?”

“மடங்கலைங்க ஐயா.”

அவர் முகத்தில் இத்தனை மாதங்களாக நான் காணாத ஒளி வந்தது. மூலையில் கிடந்த பெட்டியை இழுத்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“அப்ப இது மடக்கு பெஞ்சும் இல்ல, மடக்குப் பெஞ்சும் இல்ல. மடங்காப் பெஞ்சு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை, வாடா மலர் மாதிரி. வல்லினம் வந்தா ஒற்று கட்டாயம் மிகும். உன் கட்சிக்கும் இடமில்ல, என் கட்சிக்கும் இடமில்ல. ஆனா ‘ப்’ உண்டு.”

சீட்டில் திருத்தி, அருகில் ஒரு சரி போட்டு, சுருக்கொப்பமும் இட்டார். வினைத்தொகையில் எதிர்மறைக்கு இடமில்லை என்பதால் யான் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. ஒன்பது செருகல்களால் பெஞ்சை மேம்படுத்தியதில், அதன் இலக்கணக்குறிப்பே மாறிவிட்டது.

பாயிரத்தில் சொல்லாமல் விட்ட பயன் வருமாறு: மனைவி தலைச்செருகலை மீண்டும் ஏற்றி, அதன்மேல் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்தார். உயரம் சரியாக இருக்கிறது, முதுகு வலிக்கவில்லை, காக்கைக்குத்தான் ஆள் வேண்டும் என்றார். இப்போது அதற்கு ஆள் இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிழைதிருத்தம்: தலைப்பில் ‘மடக்கு(ப்) பெஞ்சும்’ என்று இருப்பதை ‘மடங்காப் பெஞ்சும்’ என்று திருத்திப் படிக்க. அடைப்புக்குறிகள் இனி வேண்டியதில்லை.